புண் ஆற்றிய கரங்கள்
டாக்டர் பால் பிராண்ட் அவர்களின் வாழ்வும் பணியும்

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நடைபெற்ற அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்து குருதி பெருகிய வேளையில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தோழருக்காக மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துத் தங்க வைத்தார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்து வந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பராமரிப்பில் அவர் வைக்கப்பட்டார். அண்ணலார் காலையிலும் மாலையிலும் அவ்வழியே சென்று நலம் விசாரித்தார்கள். தொழுகைக்குரிய இடத்திலேயே காயத்திற்குக் கட்டுப் போடும் கரங்களுக்கும் இடமளிக்கப்பட்ட இந்த வரலாறு, காயம் ஆற்றும் பணியை நம் மார்க்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்குத் தக்க சான்றாகும்.

அத்தகைய பணியைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நாம் எழுதப் புகுந்துள்ளோம். அவர் நம் சமயத்தவர் அல்லர்; கிறிஸ்தவ ஊழியக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் தமிழ் மண்ணில் பிறந்து, தமிழ் மக்களின் புண்களைத் தம் கைகளால் கழுவி, உலகம் முழுமைக்கும் பயன்படும் ஒரு மருத்துவ உண்மையை வேலூரிலிருந்து கண்டு சொன்னவர். நன்மை செய்தவர் எச்சமயத்தவராயினும் அவரை நன்றியோடு நினைவு கூர்வது முஸ்லிம்களின் மரபு. மேலும், அவர் கண்டு சொன்ன உண்மை, சர்க்கரை வியாதி பெருகிவிட்ட நம் மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டிற்கும் இன்று தேவைப்படுகின்றது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லிமலையில் பிறப்பு

பால் வில்சன் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்த இவ்விருவரும் மலைவாழ் மக்களிடையே தங்கிச் சமயப் பணியோடு மருத்துவம், கல்வி, கட்டடத் தொழில் ஆகியவற்றையும் செய்து வந்தனர். ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்றவர். ஆயினும் பல் பிடுங்குவது முதல் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி எடுப்பது வரை மலை மக்களுக்கு அவரே மருத்துவராக விளங்கினார்.

பால் சிறுவனாயிருந்தபோது ஒரு நாள் தொழுநோய் கண்ட மூவர் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தனர். எப்போதும் வெறுங்கையால் மருத்துவம் செய்யும் தந்தை அன்று கையுறை அணிந்து கொண்டார். பிள்ளைகள் எட்டி நிற்குமாறு பணிக்கப்பட்டனர். தந்தை அம்மூவரின் பாதங்களையும் கழுவி, களிம்பிட்டு, துணியால் கட்டி அனுப்பினார். அவர்கள் அமர்ந்திருந்த இடத்திற்கே பிள்ளைகள் செல்லக் கூடாதென்று தடுக்கப்பட்டனர். அந்நோயின் மீது அக்காலத்தவருக்கு இருந்த அச்சமும், அந்த அச்சத்தையும் மீறித் தந்தை செய்த பணிவிடையும் சிறுவனின் உள்ளத்தில் ஒருங்கே பதிந்தன.

1923ஆம் ஆண்டு கல்விக்காக பால் இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றால் தந்தை கொல்லிமலையிலேயே காலமானார். மகனுக்கு அப்போது 15 வயது கூட நிறையவில்லை. தாயார் மலையை விட்டு இறங்கவில்லை. முதுமையிலும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை எனச் சுற்றித் திரிந்து பணி செய்த அவ்வம்மையார் 1974ஆம் ஆண்டு, தமது 95ஆவது வயதில் மறைந்தார்.

கொத்தனார் மருத்துவரானார்

இளமையில் பாலுக்கு மருத்துவத்தின் மீது விருப்பம் இருந்ததில்லை. சீழும் இரத்தமும் அவருக்கு அருவருப்பையே தந்தன. ஆகவே தந்தையைப் போல் கட்டடத் தொழில் பயிலச் சென்று, தச்சு வேலையும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் கற்றார். பின்னர் ஒரு மருத்துவமனையில் உதவியாளராகப் பணியாற்றுகையில், இரத்தப் போக்கினால் வெளிறிச் சாகும் நிலையிலிருந்த பெண்ணொருத்தி இரத்தம் ஏற்றப்பட்டு உயிர் பெற்றதைக் கண்ணாரக் கண்டார். அதன் பிறகே லண்டனில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரின் மீது குண்டு மழை பொழிந்த நாட்களில், காயமுற்றோர்க்கு அறுவை செய்தே அவருடைய கை பழகிற்று. 1943இல் தம்முடன் பயின்ற மார்கரெட் பெர்ரி என்னும் மருத்துவரை மணந்தார்.

தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகள் வீணாகிவிட்டன என்று அவர் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. மரத்தையும் உளியையும் பிடித்துப் பழகிய அக்கைகளே பிற்காலத்தில் தொழுநோய் கண்டவர்களுக்கு ஏற்ற கருவிகளையும் காலணிகளையும் வடிவமைக்கத் துணை செய்தன. இறைவனின் ஏற்பாட்டில் எதுவும் வீணாவதில்லை என்பதே நம் நம்பிக்கையுமாகும்.

வேலூரில் கண்ட காட்சி

1946ஆம் ஆண்டு பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவர்களுடன் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார். விரல்கள் மடங்கிக் கழுகின் நகம் போல் இறுகிய கைகளை அங்கே நூற்றுக்கணக்கில் கண்டார். எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்கள் இக்கைகளுக்கு இதுவரை என்ன செய்துள்ளனர் என்று காக்ரேனிடம் வினவியபோது, உலகில் எவரும் இதைக் கவனித்ததே இல்லை என்ற விடையே கிடைத்தது.

அங்கிருந்த ஒருவரின் மடங்கிய கையைப் பற்றி, இறுக்கிப் பிடிக்குமாறு பிராண்ட் கேட்டுக் கொண்டார். அம்மனிதர் பிடித்த பிடியில் பிராண்டின் கை வலித்தது. செயலற்றது என்று எல்லோராலும் கைவிடப்பட்ட கையில் வலிமையான தசைகள் உயிரோடிருப்பதை அந்த வலி அவருக்கு உணர்த்திற்று. முன்கையில் நலமாயிருக்கும் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை முறையை அவரும் அவர்தம் தோழர்களும் உருவாக்கினர். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. 1952இல் லண்டன் அரச அறுவை மருத்துவர் கழகத்தில் இதுபற்றி உரையாற்றும் சிறப்பு அவருக்குக் கிட்டியது.

உலகம் அவரை இந்த அறுவைக்காகவே போற்றுகின்றது. ஆனால் அறுவைக்குப் பின் அவர் கற்றுக் கொண்ட பாடமே அதனினும் பெரிதென்று நாம் கருதுகிறோம்.

புண் எங்கிருந்து வருகிறது?

கை சீரானவர்களுள் சிலர் மீண்டும் வருத்தத்தோடு வந்தனர். முன்பு மடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள் இப்போது இடுவதில்லை. நோயின் பெயரைக் கேட்டு வேலை தருவோரும் இல்லை. ஆதலால் கல்லூரி வளாகத்திலேயே மண் சுவர்க் குடில்கள் எழுப்பி, நவஜீவ நிலையம் என்ற பெயரில் தொழிற்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. பிராண்ட் தாமே அங்கே தச்சு வேலை கற்பித்தார்.

தொழுநோயின் புண்கள் நோயினாலேயே உண்டாகின்றன, அந்த உடலின் சதை கெட்ட சதை, அது ஆறாது என்பதே அக்காலத்து மருத்துவ நூல்களின் கருத்தாயிருந்தது. தொழிற்கூடத்தில் இளைஞர்களுடன் நாள் முழுவதும் இருந்த பிராண்டுக்கு இக்கருத்தில் ஐயம் பிறந்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பித் திறந்து விட்டான். தரையில் இரத்தத் துளி கண்டு அவன் கையைப் பார்த்தால், சாவி அறுத்து எலும்பு தெரிந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நலமுள்ள மனிதனை வலி நிறுத்திவிடும் இடத்தில் அவனை நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை என்பது அன்று விளங்கிற்று.

அதன் பின் அங்கே புதிய வழக்கம் ஒன்று ஏற்பட்டது. அனைவருடைய கை கால்களும் அன்றாடம் பார்வையிடப்பட்டன. ஒரு புண் தென்பட்டால், மருந்திடுவதோடு நில்லாமல், அது எதனால் வந்தது என்று கண்டறியும் வரை விசாரித்தனர். சுத்தியல் பிடியில் சிலாம்பு இருந்தது. சுடும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருந்தார்கள். விளக்கை அணைக்கையில் சூடான கண்ணாடியில் புறங்கை பட்டிருந்தது. இரவில் விரல் நுனி காணாமற் போனவர்களின் காரணம் மட்டும் நெடுநாள் புலப்படவில்லை. விடிய விடியக் காத்திருந்து பார்த்ததில், உணர்வற்ற விரலை எலி கடித்துத் தின்பது தெரிய வந்தது. பிறகு அங்கிருந்து வீடு திரும்புவோருக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில் தெளிந்த உண்மை இதுவே: நோய்க்கிருமி நரம்பைக் கெடுத்து உணர்வைப் பறிக்கிறது, புண்ணை உண்டாக்குவதோ வெப்பம், வெட்டு, அழுத்தம் ஆகிய அன்றாடக் காரணங்கள். அக்காரணத்தை நீக்கிப் பாதுகாத்தால் அவர்களுடைய சதையும் மற்றவர் சதையைப் போலவே ஆறியது.

மாவுக்கட்டும் ரப்பர் செருப்பும்

கைப்புண்ணைக் காட்டிலும் உள்ளங்கால் புண்ணே பெருந்துன்பம் தந்தது. எவ்வளவு மருந்திட்டாலும் ஆறாத அப்புண்கள், எலும்பு வரை சென்று, முடிவில் காலையே இழக்கச் செய்தன. இதற்கு முன்னரே 1930களில் இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவரும், பின்னர் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவரும் உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றியிருந்தனர். பிராண்ட் அம்முறையை ஏற்று, வளர்த்து, அது ஏன் பயன் தருகிறது என்பதற்கு விளக்கமும் கண்டார்.

பாதத்தோடு ஒட்டினாற்போல் படிந்திருக்கும் மாவுக்கட்டு, உடலின் பாரத்தை ஒரே இடத்தில் விழ விடாமல் உள்ளங்கால் முழுவதும், கெண்டைக்கால் வரையிலும் பகிர்ந்து விடுகிறது. நடக்கும்போது புண்ணின் ஓரங்கள் அசைந்து கிழிபடுவதையும் தடுக்கிறது. பல ஆண்டுகள் ஆறாதிருந்த புண்கள் சில வாரங்களில் ஆறின. ஆறாமைக்குக் காரணம் மருந்தின் குறைவு என்று எண்ணியிருந்தோர், ஓய்வின் குறைவே காரணம் என்று உணர்ந்தனர்.

ஆறிய கால் மீண்டும் வெறுந்தரையில் நடந்தால் புண் திரும்பவும் வரும். ஆகவே காலணி ஆராய்ச்சி தொடங்கிற்று. மரம், தோல், பிளாஸ்டிக் எனப் பலவற்றையும் சோதித்த பின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர் ஏற்றதெனக் கண்டனர். இன்று தொழுநோய் மருத்துவமனைகளிலும் சர்க்கரை நோய் மருத்துவமனைகளிலும் எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதிக் கொடுக்கப்படுவது அதுவேயாகும்.

உடன் உழைத்தோர்

இவ்வரலாற்றை ஒரு மனிதரின் சாதனையாக மட்டும் எழுதிவிடுதல் நீதியாகாது. அறுவைக்கு முன்பும் பின்பும் எந்தத் தசையை எவ்வாறு இயக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் பொறுமையுடன் பயிற்சியளித்தவர்கள் இயன்முறைப் பணியாளர்கள். புண்ணைக் கழுவியவர்களும், சுற்றிலும் தடித்த காய்ப்பைச் செதுக்கியவர்களும், மாவுக்கட்டை மடிப்பு விழாமல் தடவிப் போட்டவர்களும் செவிலியரும் கட்டுப் போடும் உதவியாளருமே ஆவர். பாதத்தின் அளவெடுத்து ரப்பரை வெட்டித் தைத்தவர்கள் செருப்புத் தொழிலாளர்கள். இவர்களுள் ஒருவர் குறைந்தாலும் அறுவை மருத்துவரின் உழைப்பு வீணாகியிருக்கும். தேர்ந்த அறுவை சில மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. அதனைக் காக்கும் பணியோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் 1955இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை, இத்தகைய பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் விளங்கியது. அங்குப் பயின்றோர் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றனர்.

டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1954ஆம் ஆண்டு கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்பிற்குக் கீழ் உணர்வற்றுப் போன இளம் மருத்துவரான இவர், பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோய் கண்டவர்களின் கைகளுக்கு அறுவை செய்தார். பிற்காலத்தில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை அமைத்தார். 1986இல் மறைந்த அவருக்கு 1972இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிராண்டின் துணைவியார் மார்கரெட், இமை மூட இயலாமல் பார்வை இழக்கும் நிலையிலிருந்த தொழுநோயாளரின் கண்களைக் காக்கும் மருத்துவத்தில் தம்மை ஈடுபடுத்திக் கொண்டார்.

வலியை வேண்டிய இரவு

1950களில் பிராண்ட் ஒரு முறை இங்கிலாந்து சென்றிருந்தார். நீண்ட ரயில் பயணம் முடித்து, இரவு படுக்கைக்குச் செல்லுமுன் காலுறையைக் கழற்றுகையில் தம் குதிகாலில் உணர்வில்லை என்பதைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்து, மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டிய வாழ்வை எண்ணியபடி இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியால் குத்தியபோது சுரீரென்று வலித்தது. பயணத்தில் கால் நரம்பு அழுந்தி மரத்திருந்ததே காரணம் என்று தெரிந்தது. வலி என்பது இறைவன் தந்த அருட்கொடை என்று அவர் தம் வாழ்நாள் இறுதி வரை எழுதியும் பேசியும் வந்தமைக்கு அந்த இரவும் ஒரு காரணமாகும். ஊசி பட்டாலும் முள் குத்தினாலும் துடிக்கும் நாம், அத்துடிப்பு நம்மைக் காக்கும் காவல் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

கடல் கடந்த பணி

1960இல் லாஸ்கர் விருதும், அடுத்த ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் சிறப்பும் பெற்ற பிராண்ட், 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் இடத்திலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நடத்திய ஆய்வுகளில், ஒரே முறை அழுத்தினால் தீங்கு செய்யாத மிதமான அழுத்தமும், நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் விழுந்தால் அவ்விடம் வெந்து, வீங்கி, சில நாட்களில் புண்ணாகி விடுகிறது என்பதை மெய்ப்பித்தார். உணர்வுள்ளவர்கள் தம்மையறியாமலே நடையை மாற்றி, பாரத்தை இடம் மாற்றிக் கொள்கின்றனர். உணர்வற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. புண் தோன்றுமுன் அவ்விடத்தில் சூடு மிகும் என்பதும், தொட்டுப் பார்க்கும் கை அதனைக் கண்டுகொள்ளும் என்பதும் அவருடைய குழு வலியுறுத்திய செய்திகளாகும்.

சர்க்கரை வியாதியில் நரம்பு கெட்டுக் கால் மரத்துப் போனவர்களின் புண்களும் இதே வகையினவே என்பதைக் கார்வில் குழுவினர் உணர்த்தினர். வேலூரில் தொழுநோயாளர்க்குப் போட்ட அதே மாவுக்கட்டு, சர்க்கரை நோயாளரின் உள்ளங்கால் புண்ணையும் ஆற்றியது. கழற்ற முடியாதபடி முழங்கால் வரை பொருத்தி அழுத்தத்தை நீக்கும் இம்முறையே, இரத்த ஓட்டம் நன்றாயிருந்து நச்சுச் சீழ் இல்லாத இத்தகைய புண்களுக்கு இன்று உலக மருத்துவ வழிகாட்டுதல்களில் முதலிடம் பெற்றுள்ளது. பணி ஓய்வுக்குப் பின் சியாட்டில் நகரில் வாழ்ந்த டாக்டர் பால் பிராண்ட், 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் தமது 88ஆவது வயதில் மறைந்தார்.

கரிசல் மண்ணில் நம் பாதங்கள்

1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் தொழுநோய் இன்று முழுமையாகக் குணமாகும் நோயாகிவிட்டது. ஆனால் மரத்த கால் என்னும் துன்பம் வேறு வாசல் வழியாக நம் வீடுகளுக்குள் நுழைந்துள்ளது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி உள்ளதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இந்நோயுள்ளோர் நூற்றுக்கு 14 பேருக்கு மேல்.

நம் கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசல் பூமி கோடையில் பாளம் பாளமாய் வெடித்துச் சுடும். மழையில் காலோடு அப்பிக் கொள்ளும். உடை முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் எங்கும் கிடக்கும். வெறுங்காலுடன் காடு கரைக்குச் சென்று பழகிய நம் முன்னோருக்கு முள் குத்தினால் வலித்தது. உடனே உட்கார்ந்து முள்ளை எடுத்தார்கள். சர்க்கரையால் கால் மரத்தவருக்கு முள் உள்ளே இருப்பதே தெரியாது. தீப்பெட்டி ஆபீஸில் நெடுநேரம் கால் மடக்கி அமர்ந்து வேலை செய்யும் சகோதரிகளின் கணுக்கால் ஓரம் அழுந்திக் காய்ப்பதும் அவ்வாறே. கால் ஆணியைப் பிளேடால் அறுப்பதும், புண்ணில் சுண்ணாம்பு, காப்பித்தூள், சாம்பல் ஆகியவற்றை வைப்பதும், உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பதும் மரத்த காலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பன.

அன்றாடம் பாதத்தைப் பார்வையிடல் வேண்டும் என்பது பிராண்ட் தம் நோயாளிகளுக்கு விதித்த ஒழுங்கு. நமக்கோ ஐவேளை ஒளூவில் பாதங்களைக் கணுக்கால் உட்படக் கழுவுதல் கடமையாகவும், விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுதல் ஸுன்னத்தாகவும் வாய்த்துள்ளது. கழுவும் அவ்வேளையில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, வெடிப்பு, கொப்புளம், நிற மாற்றம், சூடு ஏதேனும் உண்டா என்று கவனிக்கக் கூடுதலாக ஆகும் நேரம் மிகச் சொற்பமே. குனிந்து பார்க்க இயலாத முதியோர்க்கு வீட்டில் மகனோ மருமகளோ பேரனோ ஒரு முறையாவது பார்த்துச் சொல்லலாம். கழுவிய பின் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துதல் அவசியம். குளிர்காலத்தில் வெந்நீர் பயன்படுத்துவோர், மரத்த காலை இடுமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். புண்ணில் கட்டுப் போட்டிருப்போர்க்கும், தண்ணீர் தீங்கு செய்யும் நிலையில் உள்ளோர்க்கும் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. கட்டின் மீது மஸ்ஹு செய்வது, தயம்மும் செய்வது பற்றிய விவரங்களை அவரவர் மத்ஹபின்படி நம் ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிந்து கொள்க. தொழுகைக்காகக் கட்டை அவிழ்த்துப் புண்ணை நனைத்து, அதனால் காலை இழப்பதை எவரும் பக்தி என்று எண்ணிவிடலாகாது.

ஹஜ், உம்ரா செல்லும் ஹாஜிமார்கள் தவாஃபிலும் ஸஃயிலும் பல மைல் தூரம் நடக்க வேண்டியிருத்தலால், புறப்படுமுன் பாதங்களை மருத்துவரிடம் காட்டி, காலணி பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் ஒருங்கே ஆலோசனை பெறுதல் நலம்.

ஜமாஅத்தின் பொறுப்பு

மரத்த காலைக் கண்டறிய விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் சில நிமிடங்களில் செய்து விடுவார். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. வீடு தேடி வரும் பணியாளரிடம் மருந்தை மட்டும் பெற்றுக் கொண்டு அனுப்பிவிடாமல், பாதத்தையும் காட்ட நாம் பழக வேண்டும்.

பள்ளிவாசல் முற்றத்தின் தரை கோடை லுஹரில் கொதிக்கிறது. செருப்பைக் கழற்றும் இடத்திலிருந்து உள்பள்ளி வரை பாய் விரித்தல் சிறு செலவே. மரத்த காலுடன் வரும் முதியவருக்கு அது ஒரு கொப்புளத்தைத் தடுக்கும். பைத்துல்மாலிலிருந்து மருத்துவ உதவி கோருவோருள் கால் அறுவைக்காக வருவோருக்குக் கொடுப்பதோடு, அந்நிலை வருமுன் ஏழைச் சகோதரர் ஒருவருக்குத் தக்க செருப்பு வாங்கிக் கொடுப்பதையும் நிர்வாகிகளும் ஜமாஅத்தார்களும் சிந்திக்க வேண்டும். கால் போனவர் வீட்டில் உழைப்பாளியின் கூலியும் போய்விடுகிறது. அச்சுமை குடும்பம் முழுவதன் மீதும் விழுகிறது.

இன்னொன்றையும் பணிவுடன் நினைவூட்டுகிறோம். மருத்துவராகப் பட்டம் பெறும் பிள்ளைகளைப் பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம்; மகிழ வேண்டியதே. செவிலியர் படிப்புக்கும், இயன்முறை மருத்துவத்திற்கும், கட்டுப் போடும் பயிற்சிக்கும், செயற்கைக் கால், காலணித் தொழில்நுட்பத்திற்கும் செல்லும் நம் பிள்ளைகளும் அதே மேடைக்குரியவர்களே. ருஃபைதா (ரலி) அவர்கள் கூடாரம் அமைந்திருந்த இடம் மஸ்ஜிதுந் நபவி என்பதை மறவாத சமுதாயம், புண் கழுவும் கரத்தைத் தாழ்வாக எண்ணாது.

கொல்லிமலையில் ஒரு தந்தை மூன்று ஏழைகளின் பாதங்களைக் கழுவியதைக் கண்ட சிறுவன், உலகிற்கே வழிகாட்டும் மருத்துவனானான். நம் வீட்டில் பாட்டனாரின் பாதத்தைப் பார்த்துச் சொல்லும் பேரப் பிள்ளைகளின் உள்ளத்திலும் அல்லாஹ் எத்தகைய நன்மையை விதைப்பான் என்பதை அவனே அறிவான்.

வல்ல நாயன் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை நல்குவானாக. உணர்வென்னும் அருட்கொடைக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக. காயங்களை ஆற்றும் கரங்கள் அனைத்திற்கும் அவன் பேரருள் புரிவானாக. ஆமீன்.